போனை எடு, வேகம் எடு, சளி பிடி: ‘பிக் அப்’ பழகும் வழி

போன் அடித்தால் “எடு” என்கிறோம். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதும் வேகம் எடுக்கிறது. மலைப்பாதையில் சிக்னல் எடுக்கவில்லை. பதினோரு மணிக்கே பசி எடுக்கிறது. பையன் கணக்கில் தொண்ணூறு எடுக்கிறான். எல்லாம் ஒரே ‘எடு’. இந்த அர்த்தங்களை எண் போட்டு யாரும் மனப்பாடம் செய்யவில்லை. எதை எடுக்கிறோம் என்று தெரிந்ததுமே அர்த்தமும் தெரிந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் ‘பிக் அப்’ இதே மாதிரியான வினை. அகராதியைத் திறந்தால் தூக்கு, அழைத்து வா, கற்றுக்கொள், நோய் தொற்று, முன்னேறு, கண்டறி, மறுபடி தொடங்கு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அந்தப் பட்டியலை உருப்போட உட்காருகிறவர்கள் மூன்று நாளில் விட்டுவிடுகிறார்கள். வினையோடு ‘அப்’, ‘ஆஃப்’ போன்ற சின்னச் சொல் சேர்ந்த இந்தக் கூட்டுவினைகளுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபிரேசல் வெர்ப்’ என்று பெயர். மிச்சம் நிற்பது ‘ஃபிரேசல் வெர்ப் என்றாலே கஷ்டம்’ என்ற பயம் மட்டும்தான். பயம் நியாயமானது. 1755-இல் லண்டனில் வெளிவந்த தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் இதைச் சொல்லிவிட்டார்: வினையோடு ஒரு சின்னச் சொல்லை ஒட்டி அர்த்தத்தை மாற்றும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டாருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் என்று. ஆனால் தமிழ் பேசுகிறவர்களிடம் ஒரு சாவி ஏற்கெனவே இருக்கிறது. ‘எடு’, ‘பிடி’, ‘தூக்கு’, ‘கொள்’ ஆகிய நான்கையும் கையில் வைத்துக்கொண்டு ‘பிக் அப்’பை அணுகினால் முக்கால்வாசி தானாகத் திறந்துகொள்ளும். மீதிக் கால்வாசியில்தான் நாம் வழக்கமாகத் தவறுகிறோம். அதனால் இங்கே அதற்கே அதிக இடம்.

முதலில் ‘அப்’. அதைத் தவறவிடுவதுதான் நம்மிடம் அதிகம் காணும் பிழை. “ஐ வில் பிக் யூ அட் சிக்ஸ்” என்று தினமும் எத்தனையோ பேர் சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். நம் ஊரில் கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது. வெளிநாட்டவருக்கு ‘பிக்’ மட்டும் வந்தால் ‘தேர்ந்தெடு’ என்பதே முதலில் தோன்றும். ஆறு மணிக்கு உன்னைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று சொன்னது போல ஆகிவிடும். ‘பிக் எ கார்ட்’ என்றால் சீட்டுக்கட்டிலிருந்து விரும்பிய சீட்டை உருவு. ‘பிக் அப் எ கார்ட்’ என்றால் மேஜையிலோ தரையிலோ கிடக்கும் சீட்டைக் கையில் எடு.

பூவை வைத்து இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். ‘பிக் ஃபிளவர்ஸ்’ என்றால் செடியிலிருந்து பறிப்பது. ‘பிக் அப் ஃபிளவர்ஸ்’ என்றால் கீழே விழுந்ததைப் பொறுக்குவது, அல்லது வருகிற வழியில் கடையில் வாங்கி வருவது. நம்முடைய ‘பொறுக்கு’ இரண்டு பக்கமும் போகும் சொல் என்பதால் இங்கே கவனம் வேண்டும். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவது ‘பிக் அவுட்’. நல்லதிலிருந்து வேண்டாததைத் தனியாகப் பிரித்தெடுக்கிறோம். அதே அரிசி தரையில் சிந்திவிட்டால் குனிந்து பொறுக்குவது ‘பிக் அப்’. தமிழில் ஒரு சொல், ஆங்கிலத்தில் ‘அவுட்’டும் ‘அப்’பும் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன.

கடையில் வாங்கி வருவது என்றேன் அல்லவா, அந்தப் பயன்பாடு வீட்டுப் பேச்சில் மிக அதிகம். “கேன் யூ பிக் அப் சம் மில்க் ஆன் யுவர் வே ஹோம்?” வரும்போது பால் வாங்கிட்டு வா. இங்கே ‘பை’ என்ற வினையைப் போட்டாலும் தப்பில்லை. ஆனால் ‘பை’ வாங்குவதை மட்டும் சொல்கிறது. ‘பிக் அப்’ போகிற போக்கில் ஒரு எட்டு கடைக்குள் நுழைந்து வருவதைச் சொல்கிறது. அதனால்தான் வீடு, நிலம் போன்றவற்றுக்கு அது சாதாரணமாகப் பொருந்தாது. அப்படி யாராவது சொன்னால் ‘மலிவாகக் கிடைத்தது, தட்டிக்கொண்டு வந்தேன்’ என்ற தொனி வந்துவிடும். கூரியர் பார்சல், தைக்கக் கொடுத்த துணி, லேப் ரிப்போர்ட் போல ஏற்கெனவே நமக்காகத் தயாராக இருக்கும் பொருளைப் போய் எடுத்துவருவதற்கும் இதே வினைதான். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இந்த இடத்தில் ‘கலெக்ட்’ என்பதையும் நிறையக் கேட்கலாம்.

இப்போது சொல் வரிசை. ‘பிக் அப்’ தெரிந்தவர்கள்கூட இடறி விழும் இடம் இதுதான்.

‘பிக் அப் த பேக்’ என்று சொல்லலாம். ‘பிக் த பேக் அப்’ என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. ஆனால் ‘பேக்’ என்ற பெயர் போய் ‘இட்’ வந்துவிட்டால் வழி ஒன்றுதான்: ‘பிக் இட் அப்’. ‘பிக் அப் இட்’ என்று ஒருபோதும் வராது. மீ, யூ, ஹிம், ஹெர், அஸ், தெம் எல்லாவற்றுக்கும் இதே விதி: ‘பிக் மீ அப்’, ‘பிக் தெம் அப்’. மாறாக, பொருளின் பெயர் நீளமாக இருந்தால் ‘அப்’பை முன்னாடியே போட்டுவிட வேண்டும்: ‘பிக் அப் த பேக் யூ லெஃப்ட் இன் மை ஆபீஸ்’. இத்தனை சொற்களையும் நடுவில் திணித்துவிட்டுக் கடைசியில் ‘அப்’ போட்டால், கேட்பவர் அதற்காகக் காத்திருந்து சோர்ந்துவிடுவார். காரணம் எளிது. ஆங்கில வாக்கியம் புதிய செய்தியைக் கடைசியில் வைக்க விரும்பும். ‘இட்’ என்பது இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த பழைய செய்தி. அதனால் அது உள்ளே ஒடுங்கிக்கொள்கிறது.

நாம் ஏன் ‘பிக் அப் மீ’ என்கிறோம்? இதற்கு இரண்டு வேர் உண்டு. ஒன்று, நம் துணைவினைகள் பிரியாதவை. ‘எடுத்துக்கொள்’, ‘எடுத்துவிடு’ என்பதன் நடுவே மிஞ்சினால் ஓர் ‘ஏ’யோ ‘உம்’மோ நுழையும். ‘எடுத்தே விட்டான்’ என்போம். ஆனால் ‘எடுத்து அதை விட்டான்’ என்றால் அர்த்தமே மாறிவிடும். அந்தப் பழக்கத்தில் ‘பிக் அப்’பையும் பிரிக்கக் கூடாத ஒற்றைச் சொல்லாக மனம் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது வேர் இன்னும் வலுவானது. தமிழ்ப் பேச்சுக்குள் இந்தச் சொல் ‘பிக்கப்’ என்று ஒரே பெயர்ச்சொல்லாக வந்து, பக்கத்தில் ‘பண்ணு’வைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. “அண்ணா, காலைல ஸ்டேஷனுக்கு வந்து என்னைப் பிக்கப் பண்ணிக்கிறீங்களா?” இது நல்ல பேச்சுத் தமிழ். இதை அப்படியே ஆங்கிலத்துக்குத் திருப்பும்போதுதான் ‘வில் யூ பிக்கப் மீ’ என்று வந்து விழுகிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘பிக்கப்’பை உடைத்துவிட வேண்டும். பிக் ஒரு கையில், அப் மறு கையில், நடுவே ஆள்: ‘குட் யூ பிக் மீ அப் ஃப்ரம் த ஸ்டேஷன்?’

வாயில் இது படிய ஒரு வழி உண்டு. ‘பிக் இட் அப்’ என்பதை மூன்று சொல்லாகச் சொல்லிப் பார்த்தால் தடுக்கும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதைப் ‘பிக்கிட்டப்’ என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். மெய்யில் முடியும் சொல்லை அடுத்து உயிரில் தொடங்கும் சொல் வந்தால் உயிர் மெய்யின் மேல் ஏறிக்கொள்ளும் என்று பள்ளியில் புணர்ச்சி விதி படித்தோமே, அதேதான். க்-இன் மேல் இ ஏறுகிறது, ட்-இன் மேல் அ ஏறுகிறது. அமெரிக்கர்கள் வாயில் அந்த ‘ட்’ இன்னும் மெலிந்து ‘பிக்கிடப்’ என்றே காதில் விழும். அழுத்தம் கடைசி ‘அப்’பின் மேல். ‘பிக் தெம் அப்’ வேகமான பேச்சில் ‘பிக்கெமப்’ என்று சுருங்கும். இந்த ஒலி காதுக்குப் பழகிவிட்டால் ‘பிக் அப் இட்’ என்பது தானாகவே கரடுமுரடாகத் தோன்றும். இலக்கண விதியைவிட இந்தக் காது வேகமாக வேலை செய்யும்.

இறந்தகாலத்தில் இன்னொரு தடங்கல் உண்டு. ‘பிக்கெட் அப்’ என்று இரண்டு அசையாகச் சொல்வது நம்மிடம் பரவலாக இருக்கிறது. சரியான ஒலி ‘பிக்ட்’, ஒரே அசை. க், ப், ஸ், ஷ், ச் போன்ற வல்லோசைகளில் முடியும் வினைகளுக்கு இறந்தகால ஒட்டு வெறும் ‘ட்’தான்: வாக்ட், ஸ்டாப்ட், வாஷ்ட். ‘எட்’ என்ற தனி அசை வருவது வினை ட்-இலோ ட-வின் மெல்லோசையிலோ முடியும்போதுதான்: வான்டெட், நீடெட். எனவே ‘ஐ பிக்ட் இட் அப்’, சேர்த்துச் சொன்னால் ‘பிக்டிட்டப்’. நாளைக்குப் பத்து முறை என்று ஒரு வாரம் வாய்விட்டுச் சொன்னால் போதும்.

எழுத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. வினையாக வந்தால் ‘பிக்’, ‘அப்’ என்று இடைவெளி விட்டு இரண்டு சொல்லாக எழுத வேண்டும். பெயராக வந்தால் ஒரே சொல். ‘ப்ளீஸ் பிக்கப் த டாக்குமென்ட்ஸ்’ என்று ஒட்டி எழுதுவது அலுவலக மின்னஞ்சல்களில் தினசரிப் பிழை. ‘பிக்கப் டைம்’, ‘பிக்கப் பாயின்ட்’, ‘பிக்கப் டிரக்’ எல்லாம் பெயர்கள், அங்கே ஒட்டியே எழுதலாம். சந்தேகம் வந்தால் இறந்தகாலத்தில் வைத்துப் பார்க்கலாம். ‘பிக்ட் அப்’ என்று மாற்ற முடிந்தால் அது வினை, பிரித்து எழுத வேண்டும். பேச்சில் அழுத்தமும் மாறும். பெயருக்கு முதல் அசையில் அழுத்தம், வினைக்கு ‘அப்’பிலும் அழுத்தம்.

ஆளை அழைத்து வரும் பயன்பாட்டுக்குத் திரும்புவோம். தமிழில் ‘கூட்டிட்டு வா’, ‘ஏத்திக்கோ’ என்று சொல்வதெல்லாம் இங்கே அடங்கும். தகவல் விடுபடாமல் இருக்க எங்கிருந்து, எத்தனை மணிக்கு, எந்த வாசல் என்ற மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். ‘ஃப்ரம்’ இடத்தைச் சொல்லும், ‘அட்’ நேரத்தைச் சொல்லும்: ‘பிக் மீ அப் ஃப்ரம் த ஏர்போர்ட் அட் சிக்ஸ்’. குறிப்பிட்ட வாசலுக்கும் ‘அட்’ போடலாம். ஆனால் போய்ச் சேரும் இடத்தை ‘பிக் அப்’போடு ஒட்டக் கூடாது. ‘பிக் மீ அப் டு த ஏர்போர்ட்’ என்பது தவறு. வண்டியில் ஏற்றிக்கொள்வதோடு ‘பிக் அப்’பின் வேலை முடிந்துவிடுகிறது. கொண்டுபோய் விடுவதற்கு வேறு வினை வேண்டும்: ‘பிக் மீ அப் அண்ட் டேக் மீ டு த ஏர்போர்ட்’. இறக்கிவிடுவது ‘டிராப் ஆஃப்’. இங்கும் நாம் சின்னச் சொல்லை விழுங்கி ‘பிக் அண்ட் டிராப்’ என்கிறோம். இந்தியாவுக்குள் பள்ளி வேன் விளம்பரம் வரை அது நிலைத்துவிட்டது. வெளிநாட்டவருக்கு எழுதும்போது ‘பிக்கப் அண்ட் டிராப்-ஆஃப்’ என்று முழுசாக எழுதுவது நல்லது.

ஆள் பற்றிப் பேசும்போது மனதில் வைக்க வேண்டிய இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரை மதுக்கடையிலோ விருந்திலோ சந்தித்துப் பேசி மயக்குவதற்கும் இதே வினைதான். கல்லூரிப் பேச்சில் ‘பிக்கப் ஆயிடுச்சு’ என்று வருகிறதே, அது இதன் வழித்தோன்றல். அதனால் ‘ஐ பிக்ட் அப் எ கேர்ள் யெஸ்டர்டே’ என்று மொட்டையாகச் சொன்னால் கேட்பவர் முகம் மாறும். உறவையும் இடத்தையும் சேர்த்துவிட்டால் எந்தக் குழப்பமும் வராது: ‘ஐ பிக்ட் அப் மை கஸின் ஃப்ரம் த ஸ்டேஷன்’. வேலை நேர்காணலில் டிரைவர் பணி, ஹோட்டல் பணி பற்றிப் பேசுகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

போலீஸ் என்றால் அர்த்தம் வேறு பக்கம் போகும். ‘த போலீஸ் பிக்ட் ஹிம் அப்’ என்பதை நம் ஊர் மொழியில் சொன்னால் ‘போலீஸ் தூக்கிட்டாங்க’. சொல்லுக்குச் சொல் அதேதான்.

போன் விஷயத்தில் ‘எடு’ அப்படியே பொருந்தும். ‘பிக் அப் த ஃபோன்’. இங்கே பொருளைச் சொல்லாமலும் விடலாம்: ‘ஹி இஸ் நாட் பிக்கிங் அப்’. நாமும் “அவர் எடுக்கவே மாட்டேங்கறார்” என்று போனைச் சொல்லாமலே சொல்கிறோம். நம் வழக்கில் ஊறிப்போன ‘ஹி டிட்ன்ட் அட்டெண்ட் மை கால்’, ‘லிஃப்ட் த ஃபோன்’ இரண்டும் இந்தியாவுக்கு வெளியே அந்நியமாக ஒலிக்கும். ‘அட்டெண்ட்’ கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் போவது, ‘லிஃப்ட்’ பாரம் தூக்குவது. ‘பிக் அப்’ அல்லது ‘ஆன்ஸர்’ என்றால் போதும்.

அடுத்து வருவதுதான் இந்த வினையின் மிக அழகான பகுதி என்று நினைக்கிறேன். முயற்சி செய்யாமல் நம்மிடம் வந்து ஒட்டிக்கொள்பவை எல்லாம் ‘பிக் அப்’தான். பக்கத்து வீட்டாரோடு பழகிக் கொஞ்சம் தெலுங்கு வந்துவிட்டது: ‘ஐ பிக்ட் அப் எ லிட்டில் தெலுகு’. அப்பாவோடு பட்டறையில் நின்று வெல்டிங் கை வந்துவிட்டது. கூட இருந்தவரைப் பார்த்து நகம் கடிக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. ஊர் மாறியதும் பேச்சில் அந்த ஊர் வாசனை ஏறிவிட்டது. தமிழில் இந்த எல்லா இடத்திலும் ‘கொள்’ வந்து நிற்பதைப் பாருங்கள்: ஒட்டிக்கொண்டது, தொற்றிக்கொண்டது, கற்றுக்கொண்டேன். ‘கொள்’ தமிழில் செய்கிற வேலையைத்தான் ‘அப்’ ஆங்கிலத்தில் செய்கிறது. வெளியே இருந்தது நம் வசம் வந்து சேர்ந்தது என்பதே அதன் பொருள்.

இதிலிருந்து ஒரு வரம்பும் கிடைக்கிறது. ஆறு மாதம் கட்டணம் கட்டி வகுப்புக்குப் போய், புத்தகம் வைத்துப் படித்ததை ‘பிக்ட் அப்’ என்று சொன்னால் உழைப்பைக் குறைத்துச் சொன்னதாகிவிடும். அதற்கு ‘லேர்ன்ட்’ அல்லது ‘ஸ்டடீட்’ வேண்டும். விண்ணப்பக் கடிதத்தில் ‘ஐ பிக்ட் அப் அக்கவுன்டிங்’ என்று எழுதினால் ‘அங்கங்கே பார்த்துக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்’ என்றுதான் வாசிக்கப்படும். அதே சமயம் ‘ஷி பிக்ஸ் திங்ஸ் அப் குவிக்லி’ என்றால் பெரிய பாராட்டு. சொல்லிக்கொடுத்ததைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறவள். கற்பூரம் என்று நாம் சொல்வோமே, அந்த ரகம்.

நோய்க்கு வரும்போது எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறிக்கொள்கின்றன. தமிழில் சளிதான் நம்மைப் பிடிக்கிறது: எனக்குச் சளி பிடித்துவிட்டது. ஆங்கிலத்தில் நாம் சளியை எடுத்துக்கொள்கிறோம்: ‘ஐ பிக்ட் அப் எ கோல்ட்’. எந்த இடத்தில் தொற்றியது என்றும் சேர்த்துச் சொல்வது இந்த வினையின் வழக்கம்: ‘ஆன் த டிரெயின்’, ‘அட் ஸ்கூல்’. நோய்களில் தொற்றுபவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும்: கோல்ட், இன்ஃபெக்ஷன், வைரஸ், பக் (பேச்சு வழக்கில் கிருமி). சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மூட்டு வலி இவற்றுக்குப் போடக் கூடாது. காய்ச்சலுக்கும் ‘ஹேவ் எ ஃபீவர்’ என்பதே இயல்பு. காய்ச்சல் நோயின் அறிகுறி, தொற்றுகிற கிருமி அல்ல.

இனி ‘சூடு பிடிப்பது’. ‘பிஸினஸ் இஸ் பிக்கிங் அப்’ என்றால் வியாபாரம் சூடு பிடிக்கிறது. இங்கே ‘பிக் அப்’புக்குச் செயப்படுபொருளே கிடையாது. வியாபாரம் தானாகவே எழுந்து நிற்கிறது. ‘த விண்ட் பிக்ட் அப்’ என்றால் காற்று வலுத்தது. இந்த அர்த்தத்துக்குள் ஒரு முன்கதை ஒளிந்திருக்கிறது. முன்பு மந்தமாக இருந்தது, இப்போது எழும்புகிறது. ஆடியில் படுத்த ஜவுளி விற்பனை தீபாவளி நெருங்கும்போது எழுந்தால் ‘சேல்ஸ் பிக்ட் அப்’ கச்சிதமாகப் பொருந்தும். தக்காளி விலை கிலோ இருபதிலிருந்து அறுபதுக்குப் போனதைச் சொல்ல வந்தால் ‘வென்ட் அப்’தான் சரி. ‘பிரைஸஸ் பிக்ட் அப்’ என்றால் விழுந்துகிடந்த விலை தேறியது என்ற தொனி வரும். அது தக்காளி பயிரிட்டவர் சொல்கிற வாக்கியம், வாங்குகிறவர் சொல்கிறது அல்ல. பிரிட்டிஷ் பேச்சில் உடம்பு தேறுகிறவரையும் ‘ஹி இஸ் பிக்கிங் அப்’ என்பார்கள்.

வேகத்துக்கு மட்டும் செயப்படுபொருள் உண்டு: ‘த டிரெயின் பிக்ட் அப் ஸ்பீட்’. தமிழில் ‘ரயில் வேகம் எடுத்தது’. வரிசை இப்படியே நிற்கும். ‘பிக்ட் ஸ்பீட் அப்’ என்று யாரும் பிரிப்பது அரிது. பைக் கடையில் நாம் கேட்கும் ‘வண்டில பிக்கப் எப்படி?’ இதிலிருந்து வந்தது. அமெரிக்க அகராதிகளில் பெயர்ச்சொல்லாக இந்த அர்த்தமும் இருக்கிறது. இருந்தாலும் பரவலாகப் புரிகிற சொல் ‘ஆக்ஸிலரேஷன்’.

சிக்னல் எடுப்பது, சத்தம் எடுப்பது: கருவிகள் செய்யும் வேலை. வீடியோ கூட்டத்தில் “யுவர் மைக் இஸ் பிக்கிங் அப் த ஃபேன்” என்று யாராவது சொன்னால், உங்கள் மைக் மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்து எடுக்கிறது, விசிறியை நிறுத்துங்கள் அல்லது மைக்கை அணைத்து வையுங்கள் என்று அர்த்தம். எலெக்ட்ரிக் கிதாரில் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த பகுதிக்கு ‘பிக்கப்’ என்று பெயர் வந்ததும் இதனால்தான். கம்பியின் அதிர்வை அது மின்சாரமாகப் பிடித்துக்கொள்கிறது.

மனிதர்கள் இப்படிப் பிடித்துக்கொண்டால் பின்னால் ‘ஆன்’ சேரும். அவள் எதுவும் சொல்லவில்லை, ஆனால் கோபம் முகத்தில் தெரிந்தது, நான் கவனித்துவிட்டேன்: ‘ஐ பிக்ட் அப் ஆன் ஹெர் ஆங்கர்’. இங்கே வரிசை விதி தலைகீழாகிறது. ‘இட்’ கடைசிக்குப் போகும்: ‘ஐ பிக்ட் அப் ஆன் இட்’. சின்னச் சொல் இரண்டு சேர்ந்துவிட்டால் நடுவில் எதையும் நுழைக்க முடியாது. ஆனால் ஆளை நடுவில் வைத்து ‘ஹி பிக்ட் மீ அப் ஆன் மை ஸ்பெல்லிங்’ என்றால் அது வேறு விஷயம், பிரிட்டிஷ் வழக்கு: என் எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டித் திருத்தினார்.

அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு பயன்பாடு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கூட்டம் முடியும் நேரத்தில் “லெட்ஸ் பிக் திஸ் அப் டுமாரோ” என்றால் எதையும் தூக்கச் சொல்லவில்லை. இதை நாளை தொடர்வோம் என்று பொருள். ‘பிக் அப் வேர் வீ லெஃப்ட் ஆஃப்’ என்பது நம் ‘விட்ட இடத்திலிருந்து தொடங்கு’. மற்றொன்று, “கேன் யூ பிக் அப் திஸ் டிக்கெட்?” சாஃப்ட்வேர் நிறுவனங்களில் இதற்கு இந்த வேலையை நீ எடுத்துச் செய்கிறாயா என்று அர்த்தம். மருத்துவமனை, கடைப் பணிகளில் ‘பிக் அப் எ ஷிஃப்ட்’ என்றால் கூடுதலாக ஒரு ஷிஃப்ட் பார்க்க ஒப்புக்கொள்வது. இவற்றுக்கு ‘யெஸ்’ சொல்வதற்கு முன் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்திருப்பது நல்லது.

மீதியுள்ளவை சீக்கிரம் முடியும். ‘பிக் அப் த பில்’, ‘பிக் அப் த டேப்’ (இங்கே ‘டேப்’ என்றாலும் பில்தான்): எல்லோருக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பது. ‘பிக் அப் ஆஃப்டர்’: பிள்ளைகள் இறைத்துப்போட்டதை, நாய் போட்ட அசுத்தத்தைப் பின்னாலேயே போய்ச் சுத்தம் செய்வது. வெளிநாட்டுப் பூங்காக்களில் இந்தப் பலகையைக் காணலாம், மீறினால் அபராதம் உள்ள ஊர்களும் உண்டு. ‘பிக் யுவர்செல்ஃப் அப்’: விழுந்தவர் எழுந்து நிற்பது, வாழ்க்கையிலும்தான். அமெரிக்காவில் ‘பிக் அப் யுவர் ரூம்’ என்றால் அறையை ஒழுங்கு செய்.

எங்கே இதைத் தவிர்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பேச்சிலும், வாட்ஸ்அப்பிலும், கூட வேலை செய்கிறவருக்கு எழுதும் மின்னஞ்சலிலும் தாராளமாக வரலாம். வெளிநாட்டில் படிக்க, வேலை பார்க்கப் போகிறவர்கள் எழுதும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் சரியான இடத்தில் வந்தால் பேச்சு இயல்பாக ஒலிக்கும். ஆனால் அதே தேர்வின் கட்டுரையிலோ, அரசு அலுவலகக் கடிதத்திலோ, ஆய்வுரையிலோ ஒற்றைச் சொல் வினைகளே எடுபடும்: பொருளைப் பெற ‘கலெக்ட்’, திறமைக்கு ‘அக்வயர்’, நோய்க்கு ‘கான்ட்ராக்ட்’, வியாபாரத்துக்கு ‘இம்ப்ரூவ்’, கருவிக்கு ‘டிடெக்ட்’, தொடர்வதற்கு ‘ரெஸ்யூம்’.

பழகும் முறைக்கு ஒரு நோட்டுப் பக்கம் போதும். இடது ஓரத்தில் அர்த்தங்களை எழுதாமல், பத்துப் பொருள்களை எழுதுங்கள்: ஃபோன், கிட்ஸ், பார்சல், மில்க், கோல்ட், ஹேபிட், ஸ்பீட், சிக்னல், பில், கான்வர்சேஷன். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாம் இயல்பாகச் சொல்லும் தமிழ் வினை: எடு, கூட்டிட்டு வா, வாங்கிட்டு வா, பிடி, ஒட்டிக்கொள், தொடர். மூன்றாவது கட்டத்தில் அன்றைக்கு உண்மையில் நடந்த ஒன்றை இறந்தகாலத்தில் ஒரு வாக்கியம். பிறகு அதே வாக்கியத்தில் பெயரை எடுத்துவிட்டு ‘இட்’, ‘தெம்’, ‘ஹிம்’ போட்டு மறுபடி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘ஐ பிக்ட் அப் த பார்சல், ஐ பிக்ட் இட் அப்.’ இந்த மாற்றம்தான் பயிற்சியின் உயிர். மாற்ற முடியாதவை தாமாகவே வெளியே தெரியும். ஸ்பீட் அங்கே முரண்டு பிடிக்கும், அதன் பக்கத்தில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பொருளுக்கு மேல் வேண்டாம். ஐந்து நாளில் பக்கம் முடிந்துவிடும். ஆறாம் நாள் இடது ஓரத்தை மூடிவிட்டுத் தமிழ் வினையை மட்டும் பார்த்துச் சொல்லிப் பாருங்கள்.

பக்கம் முடிந்தவர்கள் இவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கலாம். “மூணு தடவை கூப்பிட்டேன், எடுக்கவே இல்லை.” இது ‘ஐ கால்ட் த்ரீ டைம்ஸ், பட் ஹி டிட்ன்ட் பிக் அப்’. ‘டிட்ன்ட்’ வந்துவிட்டதால் ‘பிக்ட்’ வராது. “பையனை ட்யூஷன்லேருந்து கூட்டிட்டு வந்தாச்சா?” பையன் யார் என்று இருவருக்கும் தெரியும் என்பதால் ‘ஹேவ் யூ பிக்ட் ஹிம் அப் ஃப்ரம் ட்யூஷன்?’ “அந்தப் பழக்கம் எங்கேருந்து வந்துச்சு உனக்கு?” தமிழில் எழுவாய் பழக்கம், ஆங்கிலத்தில் ‘யூ’: ‘வேர் டிட் யூ பிக் அப் தட் ஹேபிட்?’ கடைசியாக, கையில் மல்லிகையோடு வீட்டுக்குள் நுழைகிற தங்கையிடம் கேட்பது: “செடிலேருந்து பறிச்சியா, கடைல வாங்கினியா?” ‘டிட் யூ பிக் தெம், ஆர் டிட் யூ பிக் தெம் அப் அட் த ஷாப்?’